ஐஸ் பிளாண்டுக்கு 60 லிட்டர் கண் கழுவும் தொட்டி: எதற்கு உதவும், எதற்கு உதவாது

மண்டபம், பாம்பன் பக்கத்து ஐஸ் பிளாண்டுகளில் குளிரூட்டப் பயன்படும் அமோனியா கசிந்தால் முதலில் மாட்டுவது கண்தான். அமோனியா காரம், கண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். அதனால் 10 விநாடியில் எட்டும் தூரத்தில் தண்ணீர் வேண்டும், 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையோ வினிகரோ விடவே கூடாது.

சுவரில் மாட்டும் இந்தத் தொட்டிக்குக் குழாய் இணைப்போ கரண்டோ தேவையில்லை. மின்வெட்டிலும் வேலை செய்யும் என்பதே இதை வாங்கப் போதுமான காரணம். நிமிடத்துக்கு 1.5 லிட்டர் குறைந்தபட்சம் என்றால் 15 நிமிடத்துக்கு 22.5 லிட்டர், 60 தாராளம்.

உடம்பில் பட்டால் இது போதாது. ஷவருக்கு நிமிடத்துக்கு 75 லிட்டர், அதாவது 15 நிமிடத்துக்கு 1,125 லிட்டர். மாடியில் உள்ள 1,000 லிட்டர் டேங்க்கூடப் பத்தாது. திரவ அமோனியா பட்டுத் துணி தோலோடு உறைந்திருந்தால் பிய்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றி இளகவிட்டுக் கழற்றுங்கள்.

நம் கரையில் இதைக் கெடுப்பவை வெயிலும் உப்பும். வெயிலில் மாட்டினால் தண்ணீர் 38 டிகிரியைத் தாண்டிவிடும். சுட்ட கண்ணை மேலும் சுடும். நிழலில் மாட்டுங்கள். கிணற்று நீர் ஊற்றினால் தண்ணீர் பீறிடும் நாசிலில் உப்புப் படிந்து அடைக்கும். காவிரிக் குடிநீரே ஊற்றுங்கள், வாரம் ஒருமுறை திறந்துவிட்டுப் பாருங்கள். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுக்கு ஒரு பக்கம், வடக்கிலிருந்து வரும் வாடைக்கு மறுபக்கம் என இரண்டு வாங்குவது நல்லது. வாயு வரும் திசைக்கு யாரும் ஓட முடியாது. ஸ்டாண்டும் போல்ட்டும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 ரகம் கேட்டு வாங்குங்கள்.