கையொப்பக் கார்டுக்குக் காந்தப் பெட்டி: எதுவரை காக்கும்?

விளையாட்டு வீரரின் படம் போட்டு, அவர் கையொப்பமிட்ட சேகரிப்புக் கார்டை அலமாரியில் பார்வைக்கு வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது காந்த மூடி போட்ட அக்ரிலிக் பெட்டிதான். அல்ட்ரா ப்ரோ நிறுவனத்தின் 'ஒன்-டச்' என்ற பெயரே இதற்குப் பொதுப்பெயர் போல ஆகிவிட்டது. இதே அமைப்பில் வேறு பலரும் செய்கிறார்கள். ஸ்க்ரூ முடுக்கும் பழைய பெட்டியை விட இது எவ்வளவோ மேல். ஸ்க்ரூவைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகிவிட்டால் கார்டு நசுங்கும், மையும் பிளாஸ்டிக்கில் அப்பிக்கொள்ளும். காந்தத்தில் அந்த ஆபத்து குறைவு, அளவு சரியாக இருக்கும்வரை.

அந்த அளவில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெட்டியின் மேல் போட்டிருக்கும் 35, 75, 100, 130, 180 எல்லாம் கார்டின் கனத்தைச் சொல்லும் பாயிண்ட் கணக்கு. ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 35 என்றால் 0.89 மி.மீ., 130 என்றால் 3.3 மி.மீ. 2.5க்கு 3.5 அங்குலச் சாதாரணக் கார்டு 35-க்குள் அடங்கிவிடும். ஜெர்சித் துணி பதித்த கையொப்பக் கார்டை மட்டும் அளக்காமல் வாங்கக் கூடாது. கனம் அளக்கும் வெர்னியர் கருவியின் தாடை கார்டில் நேரடியாகப் பட்டால் தழும்பு விழும். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து மொத்தத்தை அளந்து, அட்டைகளின் கனத்தைக் கழித்துவிடுங்கள். பெட்டி இறுக்கமானால் மேற்பரப்பில் அழுத்தத் தடம் விழும். தாராளமானால் எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் கார்டு உள்ளே நகர்ந்து, மூலைகள் வெளுத்துப்போகும்.

மூடும்போதும் நிதானம் வேண்டும். கார்டைப் பள்ளத்தில் கிடத்தி, நான்கு மூலையும் உட்கார்ந்ததா என்று சாய்வாகப் பாருங்கள். கீழ்விளிம்பை முதலில் பொருத்தி, மேல்விளிம்பை விரலால் தாங்கி மெல்ல இறக்குங்கள். கடைசி அரை அங்குலத்தில் காந்தம் மூடியைத் 'டப்'பென்று இழுக்கும். விளிம்பில் ஏறி நிற்கும் மூலை அந்த நொடியில் மடங்கிவிடும்.

கையொப்பம் கார்டின் மேலேயே நேரடியாகப் போடப்பட்டதா, ஸ்டிக்கரில் போட்டு ஒட்டியதா என்பதையும் பார்க்க வேண்டும். வழவழப்பான பரப்பில் மார்க்கர் மை உள்ளே ஊறாது, மேலேயே படிந்து நிற்கும். புதிய கையொப்பத்தைக் குறைந்தது ஒரு நாளாவது திறந்தபடி உலர விடுங்கள். உலர்ந்த மைகூட வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தால் அக்ரிலிக்கில் ஒட்டலாம். அதனால் நேரடிக் கையொப்பத்துக்கு, ஸ்லீவோடு (கார்டுக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் உறை) சேர்த்து வைக்கவென்றே பள்ளத்தை அகலமாக்கிய பெட்டி நல்லது. சாதாரணப் பெட்டியில் ஸ்லீவ் போட்ட கார்டைத் திணித்தால் ஓரங்கள் சுருண்டு மூடி சரியாக உட்காராது. ஸ்டிக்கர் ஓரம் கிளம்பியிருந்தால் விரலால் தேய்த்து ஒட்டப் பார்க்காதீர்கள், மை இழுவிவிடும்.

இந்தப் பெட்டிகளில் நாங்கள் காணும் பெரிய குறை, 'புற ஊதாப் பாதுகாப்பு' என்று பெட்டியில் போட்டுக்கொள்வதைப் பற்றியது. அது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மையை வெளுக்க வைக்கும், அந்த ஒளியைத் தடுத்தால் கார்டையே பார்க்க முடியாது. ஒளிச் சேதம் சேர்ந்துகொண்டே போவது. இருட்டில் வைத்தால் நிற்கும், போன நிறம் திரும்பி வராது. எளிதில் வெளுக்கும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வரம்பு சுமார் 50 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு). 500 லக்ஸ் விழும் இடத்தில் பத்து நாள் இருப்பது, 50 லக்ஸில் நூறு நாள் இருப்பதற்குச் சமம். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் 500-ஐச் சாதாரணமாகத் தாண்டும். எல்.இ.டி. விளக்கில் புற ஊதா மிகக் குறைவு என்பதற்காக இரவு பகலாக எரிய விடவும் கூடாது.

வைக்கப்போகும் இடத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. வெள்ளை அட்டையில் அதே வகை மார்க்கரால் நாலு கோடு இழுத்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, அந்த இடத்தில் இரண்டு மாதம் வையுங்கள். பிரித்துப் பார்க்கும்போது இரு பாதிக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரிந்தால் அந்தச் சுவரில் கலர் நகலை மாட்டிவிட்டு, அசலை வெளிச்சம் புகாத பெட்டிக்குள் வைப்பதுதான் புத்தி. சாயம் கலந்த மை, நிறமித்துகள் மையை விடச் சீக்கிரம் வெளுக்கும். கார்டின் படம் பளிச்சென்று இருக்கும், கையொப்பம் மட்டும் மங்கிப்போகும்.

ஈரப்பதத்துக்கும் இந்தப் பெட்டி அரண் அல்ல, காற்றுப் புகாத மூடி இல்லை அது. மின்னும் படலம் ஒட்டிய கார்டில் காகிதப் பக்கம் ஈரத்தை வாங்கி விரியும், படலம் விரியாது. கார்டு வில்லாக வளையும். வளைந்த கார்டின் நடுப்பகுதி மூடியில் போய் உரசும், பல கார்டுகளில் கையொப்பம் இருப்பதும் அங்கேதான். அலமாரிக்குள் ஈரப்பதமானி ஒன்றும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வைத்து 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். குளியலறையை ஒட்டிய சுவர் வேண்டவே வேண்டாம்.

துடைக்கும்போது கண்ணாடி துடைக்கும் அம்மோனியாத் திரவமும் சானிட்டைசரும் அக்ரிலிக்கின் பக்கமே வரக் கூடாது. நுண்ணிய விரிசல் வலை போலப் பரவும். கார்டை வெளியே எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றித் துடையுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின் ஏறி, போன தூசி மறுபடி வந்து ஒட்டும்.