600 மீட்டரில் கடல்: நான் ஏமாந்த கதை

இரண்டு நாள் விடுமுறைக்குக் காரில் கடலோரம் போகலாம் என்று இடம் தேடுபவர்கள், முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் கையில் மூன்று இடங்கள் இருந்தன. இரண்டில் கூட்டம் அதிகம் என்று தள்ளிவிட்டோம். மூன்றாவதில் ஒரு தனி வீடு, விளம்பரப் படத்தில் அகலமான மணல், 'கடற்கரைக்கு 600 மீட்டர்' என்ற வரி. அந்தப் படத்துக்குத்தான் மயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாதி வாடகையை அனுப்பினேன். வீடு பிடித்த வாடகைச் செயலியில் முன்பதிவு முடியும்வரை சரியான முகவரி வராது, வரைபடத்தில் ஒரு தோராயமான வட்டம்தான் தெரியும். எனக்கு அது அப்போது உறுத்தவில்லை.

ஐந்து மணி நேரம் ஓட்டிப் போய் இறங்கினால் வீட்டின் முன்னால் கடல் இல்லை, கழி. கரைக்கு இணையாக நீளும் உப்பங்கழி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டு, அதற்கும் அப்பால்தான் கடல். நடுவில் பாலம் கிடையாது, படகும் கிடையாது. சாலைவழியே தூரத்துப் பாலத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டு போனால் 23 கிலோமீட்டர்! ஒருமுறை போய்ச்சேர முக்கால் மணி நேரம்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரை அழைத்தேன்.

"சார், 600 மீட்டர்னுதானே போட்டிருக்கோம்? மொட்டை மாடியில நின்னு பாருங்க, கடல் தெரியுதா இல்லையா?"

தெரிந்தது. அதுதான் எரிச்சலே. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, காகம் பறக்கும் நேர்க்கோட்டுத் தூரத்தைப் போட்டிருக்கிறார். முன்பணத்தைக் கேட்டேன். "வந்து சாவி வாங்கிட்டீங்களே சார்" என்றார்.

சரி, வந்தது வந்தோம் என்று மாலை நான்கு மணிக்குச் சுற்றிப் போனோம். அங்கே அடுத்த அடி. படத்திலிருந்த மணலைக் காணோம். கருங்கல் கொட்டிய கரை, அலை நேராகக் கல்லில் வந்து மோதியது. முகத்துவாரத்தில் படகு போய்வரத் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, கட்டியிருக்கிறார்கள். கரையோரமாக நகர்ந்து வரும் மணலை அது ஒரு பக்கம் தேக்கிவிடும், மறுபக்கம் அரிக்கும். நாங்கள் நின்றது அரிக்கும் பக்கம். போதாக்குறைக்கு அன்று பௌர்ணமி. நிலாவெளிச்சத்தில் கடற்கரையில் உட்காரலாம் என்று நான்தான் தேதி பார்த்துக் குறித்தேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல்நீர் ஏற்றம் அதிகம் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. மகள் வாளியைக் கையில் பிடித்தபடி கல்மேல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பத்தரை மணிக்கு, இறக்கத்தின்போது, நாலு முழ அகலத்துக்கு மணல் தெரிந்தது. உச்சிவெயிலுக்குள் அதில் ஒரு கோட்டை கட்டினாள்.

வீட்டுக்கு வந்தபின் கூகுள் எர்த்தில் அந்த இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தேன். பழையதில் அகலமான மணல், புதியதில் கல். விளம்பரப் படம் எந்தக் காலத்தது என்று புரிந்தது. இதை முதலிலேயே பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

நீங்கள் இடம் தேர்ந்தெடுக்கும்போது 'எத்தனை மீட்டர்' என்று கேட்காதீர்கள். 'வாசலிலிருந்து மணலுக்கு நடந்து போக எத்தனை நிமிடம், எந்த வழியாக' என்று கேளுங்கள், பதிலைச் செயலியின் அரட்டையிலேயே எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் பேசியது புகாருக்கு உதவாது, எனக்கு உதவவில்லை. வரைபடத்தில் காட்டும் அந்த வட்டம் ஆறு, கழி எதன் மேலாவது விழுகிறதென்றால் இரு கரையையும் சந்தேகியுங்கள். நீங்கள் போகிற நாளின் ஏற்ற இறக்க நேரத்தையும் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் இடைவெளி. அதனால் முதல் நாள் போன அதே நேரத்துக்கு மறுநாளும் போனால் ஐம்பது நிமிடம்தான் வித்தியாசம், அதே கல்லைத்தான் பார்ப்பீர்கள்.

செயலியில் புகார் கொடுத்தேன். 'தூரம் சரியாகவே குறிப்பிடப்பட்டுள்ளது' என்று பதில் வந்து மூடிவிட்டார்கள்.

போன வாரம் அந்த விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். படங்கள் அப்படியே இருக்கின்றன. 600 மீட்டர் மட்டும் 550 ஆகியிருக்கிறது. கடல் அரித்துக்கொண்டு வரும் வேகத்துக்கு அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.