ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல: கேட்பதா, கழற்றுவதா, மாற்றிப் பார்ப்பதா?

"சுவிட்ச் போட்டா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரல." கம்ப்யூட்டர் விஷயமாக எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். ஃபேன் சுற்றுவதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. அதற்கு வேண்டியது 12 வோல்ட் மட்டும். பிராசஸருக்கென்று தனியாக வரும் 4 பின் அல்லது 8 பின் கேபிள் கழன்று தொங்கினாலும் ஃபேன் ஜோராகச் சுற்றும்.

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை. கம்ப்யூட்டரை ஆன் செய்து ஒரு நிமிடம் விட்டு, கீபோர்டில் நம் லாக் (Num Lock) பட்டனைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் பெட்டி விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. கோளாறு மானிட்டரிலோ கேபிளிலோ இருக்கலாம். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள் பலர் கேபிளை மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ துளையில் செருகிவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ஐ5-12400எஃப் மாதிரி எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. அந்தத் துளையில் எத்தனை மணி நேரம் செருகி வைத்தாலும் படம் வராது.

நம் லாக் விளக்கு அசையவே இல்லையென்றால் மூன்று வழிகள். போர்டு சொல்வதைக் கேட்கலாம், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம், நல்ல பாகத்தை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

கேட்பது சுலபம், காசும் ஆகாது. பழைய போர்டு என்றால் பீப் சத்தம். புது போர்டுகள் பலவற்றில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு குட்டி எல்இடி விளக்குகள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சிக்கல். இந்த வழியில் தொல்லை, போர்டு பேசும் பாஷை கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதுதான். ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் புரோகிராம்தான் பயாஸ். ஒரு நீள பீப், இரண்டு குட்டி பீப் என்றால் அவார்டு கம்பெனி பயாஸில் கிராபிக்ஸ் கோளாறு. அதே சத்தத்துக்கு ஆசுஸ் போர்டுகளின் கையேடு சொல்லும் அர்த்தம், ரேம் தெரியவில்லை என்பது. பொதுவான பட்டியலை நம்பிப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் பணம் போனதுதான் மிச்சம். டிராம் விளக்கு எரிந்தாலும் ரேம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்லாட்டில் தூசி இருக்கலாம், பிராசஸர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருக்கலாம். டிடிஆர்5 ரேம் போட்ட புது மெஷின் முதல் முறை ஆன் ஆகும்போது ரேமோடு பழகவே சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்புதான். பயந்துபோய் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து.

என் ஓட்டு கழற்றுவதற்கு. தூத்துக்குடியில் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் போன வருடம் கூப்பிட்டார். "போர்டு போயிட்டுன்னு கடையில சொல்லுதாங்க தம்பி, புதுசு போடணுமாம்." எச்61 போர்டு, இரண்டு டிடிஆர்3 ரேம். போய்ப் பார்த்தால் பீப் சத்தமே இல்லை. காரணம் எளிது: பீப் அடிக்கும் குட்டி ஸ்பீக்கரையே யாரும் மாட்டவில்லை. என் பையிலிருந்த ஒன்றை மாட்டினேன். பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கேபினட் தகட்டைத் தொட்டுக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், இரண்டு ரேம் எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. ரேம் இல்லாமலே ஆன் செய்தேன்.

பீப், பீப், பீப் என்று கத்தியது.

அந்தச் சத்தம் நல்ல செய்தி. ரேம் இல்லை என்று புகார் சொல்லும் அளவுக்குப் பிராசஸரும் போர்டும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன. அப்புறம் ஒரே ஒரு ரேமை முதல் ஸ்லாட்டில் அழுத்தினேன்: சத்தம் நின்றது, திரை கறுப்பு. இரண்டாவது ஸ்லாட்டில் அழுத்தினேன், கிளிப் 'டக்'கென்று விழுந்தது, பயாஸ் திரை வந்துவிட்டது. முதல் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பஞ்சு மாதிரி தூசி, கூடவே சிலந்தி நூல். காய்ந்த பெயிண்ட் பிரஷால் தட்டி எடுத்ததும் இரண்டு ரேமும் ஓடின. செலவு ஒரு டீ, அதுவும் அண்ணாச்சி வாங்கிக் கொடுத்தது.

ரேமின் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்கும் நம்ம ஊர் வைத்தியம் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் தங்கப் பூச்சு மிக மெல்லியது. மாதம் ஒரு தடவை தேய்த்தால் பூச்சு போகும், ரப்பர் துகளும் ஸ்லாட்டுக்குள் விழும். மெடிக்கல் ஷாப்பிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்து, காயவைத்து மாட்டுவது மேல். பல நேரம் கழற்றித் திரும்ப அழுத்தி மாட்டினாலே போதும்.

சிமாஸ் பேட்டரியை, அதாவது பயாஸ் செட்டிங்கை நினைவில் வைத்திருக்க போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரியை, கழற்றுவதும் இந்த வகைதான். ரேம் வேகத்தை மாற்றிய பிறகோ பயாஸில் எதையோ நோண்டிய பிறகோ திரை போனால் அதுதான் முதல் மருந்து. சும்மா இருந்த மெஷினுக்கு அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்தால் பொதுவாகத் தேதியும் நேரமும்தான் தப்பும்.

மாற்றிப் பார்ப்பது மூன்றிலும் உறுதியான சாட்சி. கஷ்டம் என்னவென்றால் நல்ல பாகம் கையில் வேண்டும், அதுவும் பொருந்துகிற பாகமாக. டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ரேம் உட்காரவே உட்காராது. எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லா பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி விஷயத்தில் மட்டும் நான் நேராக இந்த வழிக்கே போவேன். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனை, சும்மா நிற்கும்போது அது உயிரோடு இருப்பதை மட்டும் காட்டும். 12 வோல்ட் லைன் 11.4-லிருந்து 12.6-க்குள் நிற்க வேண்டும். சுமை ஏறும்போது அது தொய்கிறதா என்பது அந்தக் கம்பிக்குத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: சந்தேகமான எஸ்எம்பிஎஸ்ஸில் பக்கத்து வீட்டு நல்ல கிராபிக்ஸ் கார்டை மாட்டிப் பார்க்காதீர்கள். போனால் உறவும் போகும்.

மூன்றுக்கும் பிடிபடாத கேஸ் ஒன்று உண்டு. பழைய பயாஸ் உள்ள பி450 போர்டில் ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசை பிராசஸரைப் போட்டால் எல்லா பாகமும் நன்றாக இருந்தும் திரை வராது. பயாஸ் அப்டேட்தான் வழி.

ரேமே இல்லாமல், ஸ்பீக்கர் மாட்டி, வேறு எஸ்எம்பிஎஸ் போட்டும் ஒரு பீப் கூட வரவில்லையென்றால் கடைக்குத் தூக்கிப் போகலாம். மானிட்டர், கேபிள் எல்லாம் வேண்டாம், கேபினட் மட்டும் போதும். என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். "போர்டு போயிடுச்சு" என்று சொன்னால், வேறு ரேம் போட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.