ரூஃப் பாக்ஸும் ஒரு விசிலும்: நாலு வருஷ அனுபவம்

போன வாரம் எங்கள் ரூஃப் பாக்ஸின், அதாவது சாமான் வைக்கக் காரின் கூரைமேல் பொருத்தும் பெட்டியின், மூடியைத் தாங்கிப் பிடிக்கும் கை ஒன்று முறிந்தது. நாலு வருஷப் பழைய பெட்டிக்கு உதிரி பாகம் எங்கே கிடைக்கப் போகிறது என்று நினைத்தேன். மூன்றே நாளில் வந்துவிட்டது. அந்த மட்டில் கம்பெனிக்கு ஒரு கும்பிடு. அன்றைக்கு ராத்திரியே ஸ்டுட்கார்ட் நண்பன் ஃபோன் பண்ணினான். "ஜூலையில நார்ட்கேப் வரைக்கும் காரிலேயே போறோம்டா. பெட்டி விலை இறங்கியிருக்கு, வாங்கிடவா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். (நார்ட்கேப் என்பது நார்வேயின் வடகோடி முனை.) ஆனால் எனக்கும் என் பெட்டிக்கும் பழைய பகை இருக்கிறது.

எத்தனை லிட்டர், எத்தனை பூட்டு என்பதெல்லாம் கடைக்காரனே எழுதியிருப்பான். எழுதாத ஒன்று: காரின் கூரை 75 கிலோ தாங்கும் என்றால் பெட்டியின் எடையும் அதற்குள் அடக்கம். என் பெட்டி காலியாகவே 21 கிலோ, அதைப் பொருத்தும் குறுக்குக் கம்பிகள் தனி. அரிசி மூட்டை, குக்கர், இட்லித் தட்டு எல்லாம் டிக்கியில். மேலே ஸ்லீப்பிங் பேக்குகளும் ஜாக்கெட்டுகளும் மட்டும்தான்.

இப்போது பகைக்கு வருகிறேன். வேகம் மணிக்கு 95 கிலோமீட்டரைத் தாண்டினால் பெட்டி விசிலடிக்கும். புல்லாங்குழல் கற்க ஆரம்பித்த பையன் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் ஊதுவானே, அப்படி. ரேடியோவைக் கூட்டினால் அதற்கு மேலே கேட்கும். ஹாம்பர்கிலிருந்து புட்கார்டன் துறைமுகம் போகும் ஒன்றரை மணி நேரத்திலேயே என் மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். அங்கிருந்து டென்மார்க்கின் ரோட்பிக்குப் போகும் ஃபெர்ரியில் கழித்த முக்கால் மணி நேரம்தான் அன்றைய நிம்மதி. கடலுக்கடியில் 18 கிலோமீட்டருக்குச் சுரங்கம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது திறந்தால் இந்த முக்கால் மணியும் போய்விடும்.

போகப் போக நாடுகளையே நான் விசிலை வைத்து அடையாளம் கண்டேன். டென்மார்க் மோட்டார்வேயில் 110, 130 என்று பலகை மாறும், இரண்டிலும் கச்சேரிதான். கோபன்ஹேகன் தாண்டி, ஸ்வீடனுக்குப் போகும் எரசுண்ட் சுரங்கத்துக்குள் இறங்கி, பெபர்ஹோல்ம் என்ற செயற்கைத் தீவில் வெளியே வந்து பாலத்தில் ஏறும்போது கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும். ஒரு ஸ்வரம் இரண்டாகிவிடும். (பக்கத்துத் தீவின் பெயர் சால்ட்ஹோல்ம், அதாவது உப்புத் தீவு. அதற்குத் துணையாகத்தான் இதற்கு மிளகுத் தீவு என்று பெயர் வைத்தார்களாம். உப்பும் மிளகும் கடந்தோம் என்று பையன் இன்றும் சொல்வான்.) ஸ்வீடனில் வடக்கே ஏறும் ஈ4 சாலையில் விசில் ஓயவே ஓயாது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய நாடு நார்வே. அங்கே ஊருக்கு வெளியே பொதுவான வேக வரம்பே 80 என்பதால் பெட்டி வாயைத் திறக்காது.

அதனால் என்ன ஆயிற்று என்றால், போன கோடையில் நார்ட்கேப் போனபோது விசிலுக்குப் பயந்து திட்டம் போட்டேன். ஹபராண்டாவில் ஸ்வீடனை விட்டு, பாலம் தாண்டி டோர்னியோவில் ஃபின்லாந்துக்குள் நுழைந்து (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும்), ரோவனியெமி, இனாரி, காராஷோக் வழியாகப் போனோம். திரும்பும்போது ஸ்வீடன் பக்கமே தலைவைக்காமல் முடிந்தவரை நார்வேயின் ஈ6 சாலையிலேயே தெற்கே இறங்கினோம். தூரம் கூடியது, மூன்று நாள் கூடியது. ஆனால் லோஃபோட்டன் தீவுகளைப் பார்த்தோம். அது திட்டத்திலேயே இல்லை. இதைப் பெட்டியின் புண்ணியம் என்று எழுத மனசு வரவில்லை.

இனாரியில் ஒரு வேலை பாக்கி இருந்தது. நார்வேக்குள் உருளைக்கிழங்கு கொண்டுபோகக் கூடாது. இருந்த இரண்டு கிலோவையும் கேபினில் ஒரே ராத்திரியில் பொரியலாக்கித் தீர்த்தோம்.

உயரமும் ஒரு தலைவலி. எங்கள் காரும் பெட்டியும் சேர்ந்து 1.98 மீட்டர். ஃபெர்ரிக்கு முன்பதிவு செய்யும்போது உயரத்தைக் கேட்பார்கள், பெட்டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது பரவாயில்லை. ஸ்டாக்ஹோமில் ஹோட்டல் பார்க்கிங்குக்குக் காசு கட்டியிருந்தேன். தரைக்கடிக் கராஜ் வாசலில் சங்கிலியில் ஒரு கம்பி தொங்கியது, அதில் 1.90 என்று எழுதியிருந்தது. பின்னால் நாலு கார். நான் ரிவர்ஸ் எடுக்க, ஒவ்வொருவராக அவர்களும் ரிவர்ஸ் எடுத்தார்கள். யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மூடி எல்லாப் பக்கமும் சரியாகப் பூட்டினால்தான் சாவியை உருவ முடியும். நார்ட்கேப்புக்குப் பக்கத்து ஊரான ஹோனிங்ஸ்வோகில் படுக்கைவாட்டில் மழை அடித்துக்கொண்டிருந்தபோது சாவி வராமல் பத்து நிமிஷம் திட்டித் தீர்த்தேன். பார்த்தால் ஸ்லீப்பிங் பேக்கின் நாடா ஒன்று விளிம்பில் மாட்டியிருந்தது. அப்படியே கிளம்பியிருந்தால் மூடி பறந்திருக்கும். நாலு வருஷத்தில் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கியதில்லை. டீசல்தான் நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் கூடக் குடிக்கும்.

சரி, விசில். கம்பியில் கயிறு சுற்றிப் பார்த்தேன். டேப் ஒட்டிப் பார்த்தேன். பெட்டியைப் பின்னால் தள்ளினேன், டிக்கி திறக்கும்போது இடித்தது. போன வாரம் முறிந்த மூடிக் கையை மாற்றப் பெட்டியைக் கீழே இறக்கினபோதுதான் முன்பக்கக் குறுக்குக் கம்பியை ஒழுங்காகப் பார்த்தேன். அதன் மேல்பக்கம் நீளத்துக்கு ஒரு பள்ளம். அதை ரப்பர் பட்டையால் மூட வேண்டும். பட்டை ஒரு ஜாண் குறைவாக இருந்தது. குறைத்து வெட்டினது நான்தான், வாங்கின அன்றைக்கு, அவசரத்தில். கையேட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதைத் தபால் தலை அளவில் போடாமல் விட்டார்களே என்று வேண்டுமானால் சந்தோஷப்படலாம். மூன்று கோடையாக யாரையோ சபித்திருக்கிறேன்.

புதுப் பட்டை போட்டு லூபெக் வரை ஓட்டிப் பார்த்தேன். 110 வரை சத்தமே இல்லை. 120-ல் மெல்ல ஆரம்பிக்கிறது. இதற்கு நான் பொறுப்பில்லை, முழுப் பட்டை போட்டிருக்கிறேன்.

ஆக, தண்ணீர் இறங்காது, உதிரி பாகம் கிடைக்கும், பூட்டு நம்பகமானது, விசிலுக்குப் பாதிக்கு மேல் நானே காரணம். இருந்தும் நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். இரண்டு பேர், ஒரு கைக்குழந்தை, மூன்று வாரம், டிக்கியே போதும். வேண்டுமென்றால் வாடகைக்கு எடுத்துக்கொள்.

"அப்போ உன்னோடதைக் குடேன், ஜூலைக்கு மட்டும்" என்றான்.

ஜூலையில் எங்களுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எங்கே போகப் போகிறோம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.