4,299 ரூபாய் வாட்ச், சுருட்டிய துண்டுக்கும் 74 காட்டியது

முந்தாநாள் நடந்தது. இன்னும் ஆறவில்லை. அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுகிறேன். பல்ஸ் பார்க்கும் வாட்ச் வாங்க நினைப்பவர்கள், முக்கியமாக வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்க நினைப்பவர்கள், படித்துவிட்டு வாங்குங்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கட்டுவது, தப்பாகக் காட்டினால் என்ன செய்வது எல்லாவற்றையும் கடைசியில் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 68 வயது. போன வருஷம் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் காலையில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியை ஒரு சுற்று நடப்பார். நடக்கும்போது பல்ஸ் 110-ஐத் தாண்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரி, ஒரு வாட்ச் வாங்கிக் கொடுப்போம் என்று ஆன்லைனில் தேடினேன். எல்லோருக்கும் தெரிந்த பெரிய ஆன்லைன் சந்தைதான், பெயர் போடவில்லை. அதில் ஒரு விற்பனையாளர், ‘மெடிக்கல் கிரேடு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார். விலை 4,299 ரூபாய்.

ஆர்டர் போட்ட அன்றைக்கே அந்த விற்பனையாளரிடமிருந்து போன் வந்தது. நல்ல தமிழ்ப் பையன். “அக்கா, அப்பாவுக்கா? எங்க அப்பாவும் ஹார்ட் பேஷன்ட்தான்கா. இதே வாட்ச்தான் கட்டியிருக்காரு. நம்பி வாங்குங்க.” நான் அங்கேதான் விழுந்தேன். நூறு ரிவ்யூ படித்துச் சந்தேகப்பட்டவள், அந்த ஒரு ‘அக்கா’வில் மனசு கரைந்து 4,299 ரூபாயைக் கட்டிவிட்டேன்.

வாட்ச் வந்தது. அடியில் பச்சை விளக்கு மினுக்கியது. உட்கார்ந்தால் 74, நடந்தால் 78. அப்பாவுக்கு ஒரே பெருமை, பார்க்கிறவர்களிடமெல்லாம் கையை நீட்டிக் காட்டினார். அதோடு வந்த ஆப், 220-இலிருந்து வயதைக் கழித்து ‘உங்கள் உச்சம் 152’ என்று போட்டு, இன்னும் வேகமாக நடக்கச் சொல்லி அவரை விரட்டியது. பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. மாத்திரையே துடிப்பைக் குறைத்து வைக்கத்தான் கொடுப்பது. இது எனக்கு அப்போது தெரியாது.

பத்தாவது நாளிலிருந்து, “தலை கிறுகிறுங்குதும்மா” என்றார். வாட்சைப் பார்த்தேன், 74. “வெயில்ப்பா, மோர் குடிங்க” என்றேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன். அப்பா சொன்னதை விட்டுவிட்டு வாட்ச் சொன்னதைக் கேட்டேன். முந்தாநாள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா நர்ஸ். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். 46. வாட்சில் அப்போதும் 74. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், அதிலும் 46-தான். மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். இப்போது பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த வாட்சை ஒரு துண்டைச் சுருட்டி அதில் கட்டினேன். 74. என் கையில் கட்டிக்கொண்டு மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கினேன். மூச்சு வாங்குகிறது, வாட்சில் 76. நல்ல வாட்சுகூடச் சில நேரம் துண்டிலும் வாழைப்பழத்திலும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும் என்கிறார்கள். ஒளி திரும்பி வருவதில் ஏற்படும் சின்ன அசைவைத் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளுமாம். சரி, இருக்கட்டும். படி ஏறினவளுக்கும் படுத்திருக்கிறவருக்கும் துண்டுக்கும் ஒரே எண்ணா?

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் சாட். ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று மூன்று தடவை ஒரே வரி. பிறகு அந்த ‘அக்கா’ பையன். “வாட்சை இறுக்கிக் கட்டுங்க, சென்சாரைத் துடைங்க, கை குளிர்ச்சியா இருந்தாத் தேய்ச்சுச் சூடாக்குங்க, பச்சை குத்தின இடத்துல கட்டாதீங்க.” இதெல்லாம் நிஜ வாட்சுக்குச் சரியான அறிவுரைதான், நானே பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் செய்தேன். 74. இன்னொரு தடவை கூப்பிட்டபோது குரல் மாறிவிட்டது: “மேடம், இது மெடிக்கல் டிவைஸ் இல்லைன்னு டப்பா அடியிலேயே போட்டிருக்கே.” பார்த்தேன். போட்டிருக்கிறது, எறும்பு சைஸ் எழுத்தில். அப்போது ‘மெடிக்கல் கிரேடு’ என்று விளம்பரத்தில் போட்டது யார்? போன் கட். ஆன்லைன் சந்தையோ, திருப்பி அனுப்பும் 7 நாள் முடிந்துவிட்டது, பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்கிறது. நேற்று ராத்திரி 200 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். 4,299 ரூபாய்க்கு 200 ரூபாய் கூப்பன், அதுவும் அவர்களிடமே செலவு பண்ண!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். 2020-இல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி, புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்தில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பார்க்கலாம்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். வாட்ச் வந்த அன்றைக்கே கையால் பல்ஸ் எண்ணி ஒப்பிடுங்கள், சும்மா இருக்கும்போது ஒரு தடவை, படி ஏறிவிட்டு ஒரு தடவை. கட்டை விரலால் எண்ணாதீர்கள், அதிலேயே துடிப்பு இருக்கிறது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்குக் கட்ட வேண்டும். கையை வீசி நடக்கும்போது சில வாட்சுகள் காலடியைத் துடிப்பாக எண்ணிவிடும், நின்று பாருங்கள். வாட்சுக்குப் பதில் மார்பைச் சுற்றிக் கட்டிப் பல்ஸ் பார்க்கும் நெஞ்சுப் பட்டை வாங்கினால் பட்டையின் உள்பக்கத்தை நனைத்துக் கட்டுங்கள், கழற்றியதும் கருவியைத் தனியாக எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எதையும் கட்ட வேண்டாம். மயக்கம், நெஞ்சுவலி என்றால் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கஸ்டமர் கேரிலிருந்து எஸ்எம்எஸ். ‘உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’