மேட்டில் அடிக்கக் கற்கப் போனேன், மேட் மேல் அடிக்க வைத்தார்கள்

கோல்ஃபில் கடினமான லைகளிலிருந்து (பந்து கிடக்கும் நிலை) பிட்ச் ஷாட் (குழிக்கு அருகிலிருந்து பந்தை உயரத் தூக்கி அடிப்பது) அடிக்க எட்டே வகுப்பில் கற்றுத்தருவதாக ஒரு கோச் சொன்னார். மேடு, இறக்கம், மொட்டைத் தரை, அடர்ந்த ரஃப் (உயரமாக விட்ட புல்) எதுவானாலும் சரியாம். மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டினேன். பேர் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி ஆசை காட்டுகிறவர்கள் உங்களிடமும் வருவார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

எட்டு வகுப்பும் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்), சமதளத்தில், பிளாஸ்டிக் புல் மேட் மேலேதான் நடந்தது. நான்காவது வகுப்பில், "சரிவுல எப்போ சார் அடிக்கப் போறோம்?" என்று கேட்டேன். "முதல்ல ஸ்விங் செட் ஆகட்டும்" என்றார். செட் ஆன மாதிரிதான் இருந்தது! அடித்ததெல்லாம் அழகாக எழும்பி, நினைத்த இடத்தில் விழுந்தது. ஏமாந்தது அங்கேதான். கிளப் (கோல்ஃப் மட்டை) பந்துக்கு இரண்டு விரல்கடை பின்னாலேயே தரையில் பட்டாலும் மேட் காட்டிக்கொடுக்காது. வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும். நிஜப் புல்லில் அதே அடி மண்ணில் குத்தி நின்றுவிடும்.

நிஜ கோல்ஃப் மைதானத்தில் முதல் நாளே குட்டு வெளிப்பட்டது. கிரீனை (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) நோக்கி இறங்கும் சரிவில் பந்து, இருபது கஜம்கூட இல்லை. வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் கிளப்) பந்துக்குப் பின்னால் இருந்த மண்ணைக் கொத்தியது, பந்து ஒரு சாண் நகர்ந்தது. அடுத்தது புல்லே இல்லாத இறுகிய தரை. கிளப்பின் அடிப்பாகம் தரையில் பட்டுத் துள்ளி, முன்விளிம்பு பந்தின் வயிற்றில் வெட்டியது. பந்து கிரீனைத் தாண்டி எதிர்ப்புற பங்கரில் (மணற்குழியில்) போய் விழுந்தது. கூட ஆடியவர்கள் சிரிக்காமல் இருந்ததுதான் பெரிய விஷயம்.

அந்தத் துள்ளலுக்கும் கோச்தான் காரணம். "எல்லா லைக்கும் இது ஒண்ணு போதும்" என்று அவரே என் தலையில் ஒரு வெட்ஜைக் கட்டியிருந்தார். அதில் 60, 12 என்று இரண்டு எண்கள். முதலாவது லாஃப்ட் (கிளப் முகத்தின் சாய்வு), இரண்டாவது பவுன்ஸ் (கிளப்பின் அடிப்பாகம் முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும் கோணம்). 12 டிகிரி பவுன்ஸ் இளகிய மண்ணுக்கும் பொலபொலப்பான மணலுக்கும் நல்லது. இறுகிய தரையில் அடிக்க 4 முதல் 6 டிகிரி வரை உள்ளதுதான் வசதி. இதைக்கூட நானே பிறகு தேடித் தெரிந்துகொண்டேன்.

இறக்கத்தில் தோள்களைச் சரிவோடு சாய்த்து, எடையைத் தாழ்ந்த பக்கத்துக் காலில் வைக்க வேண்டும். லாஃப்ட் குறைந்து பந்து தாழப் போய் நிறைய உருளும் என்பதால் பந்தை முன்கூட்டியே தரையில் விழ வைக்க வேண்டும். ஏற்றத்தில் நேர்மாறு: உயர எழும்பிக் குறைவாகவே போகும். பந்து காலைவிட உயரத்தில் கிடந்தால், வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கம் இழுக்கும். இவ்வளவையும் புல்தரைச் சரிவில் ஒரே வகுப்பில் காட்டியிருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "உங்க பிராக்டிஸ் பத்தலை" என்று பதில் வந்தது.

யாரிடமாவது சேருவதாக இருந்தால், புல்லில் எத்தனை வகுப்பு, சரிவில் எத்தனை வகுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள். மேட் மேலேதான் பயிற்சி என்றால் பந்துக்கு நான்கு விரல்கடை பின்னால் ஒரு துண்டை மடித்து வையுங்கள். கிளப் துண்டில் பட்டால், பந்துக்குப் பின்னால் அடிக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். நானும் வைத்துப் பார்த்தேன். பத்து முறை அடித்ததில் ஏழு முறை கிளப் துண்டின் மேல்தான் விழுந்தது.