முதலீட்டுக் கணக்கை எதில் எழுதுவது? எக்செல், க்னூகேஷ், போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ்: ஓர் ஒப்பீடு

பங்கோ மியூச்சுவல் ஃபண்டோ வாங்கியதைப் பதிந்து வைக்க எந்த மென்பொருளும் போதும். தேதி, யூனிட், விலை, மொத்தத் தொகை. கோடு போட்ட நோட்டிலேயே எழுதிவிடலாம். எது உருப்படியான கணக்கு என்பது விற்கும் நாளில்தான் தெரியும். விற்ற யூனிட் எந்தத் தேதியில் வாங்கியது, அதன் அடக்க விலை என்ன, ஓராண்டு தாண்டிவிட்டதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத பதிவேடு எவ்வளவு அழகாக வரைபடம் காட்டினாலும் எனக்குப் பயன்படாது. அந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

செலவுக் கணக்கு எழுதும் மொபைல் செயலிகளை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் போடும் முதலீடு) தவணையை மளிகைச் செலவு மாதிரி ஒரு செலவாக எழுதிக்கொள்ளும். யூனிட் என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது.

மற்றவற்றைச் சோதிக்க எங்கள் பக்கத்து நிலவரம் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மாந்தோப்புப் பணம். இன்னொன்று ஓசூர்ப் பங்கு.

மாந்தோப்புப் பணம்

கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் கிடையாது. பருவம் முடிந்து மண்டியிலிருந்தும் மாங்கூழ் ஆலையிலிருந்தும் கணக்கு முடியும்போது மொத்தமாகப் பணம் வரும். அதை அப்படியே பங்குச் சந்தையில் இறக்கப் பயப்படுபவர்கள் ஏற்ற இறக்கம் குறைவான லிக்விட் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து எஸ்டிபி என்ற தவணை மாற்றல் வழியாக மாதாமாதம் ஈக்விட்டி (பங்குகளில் முதலிடும்) ஃபண்டுக்கு மாற்றுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். கணக்கு எழுதுபவருக்கு மட்டும் வேலை கூடும்.

6 லட்சம் ரூபாயை லிக்விட் ஃபண்டில் போட்டு மாதம் 25,000 மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 24 தவணை. ஒவ்வொரு தவணையும் உண்மையில் இரண்டு பரிவர்த்தனை: லிக்விட் ஃபண்டில் ஒரு விற்பனை, ஈக்விட்டி ஃபண்டில் ஒரு வாங்கல். விற்பனை என்றால் லாபம் உண்டு, சில நூறு ரூபாய்தான் என்றாலும். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய லிக்விட் ஃபண்டில் வரும் லாபத்துக்கு, எத்தனை நாள் வைத்திருந்தாலும், அவரவர் வருமான வரி விகிதம்தான். வாங்கும் பக்கத்தில் 0.005 சதவீத முத்திரைத் தீர்வை இருக்கிறது, 2020 ஜூலை 1 முதல். 25,000-இல் 1.25 ரூபாய் போக, 24,998.75-க்குத்தான் யூனிட் கிடைக்கும். இதைத் தனியாக எழுதாவிட்டால் யூனிட்டை என்ஏவியால் (ஒரு யூனிட்டின் அன்றைய விலை) பெருக்கும்போது தொகை ஒத்துப்போகாது. ஒவ்வொரு மாதமும் ஒன்றே கால் ரூபாய் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்போம்.

எக்செல்லிலோ லிப்ரெஆஃபிஸ் கால்க்கிலோ இதை எழுதுவது சுலபம். லிக்விட் பக்கம் ஒரே ஒரு வாங்கல் என்பதால் யூனிட்டின் அடக்கம் கடைசி வரை மாறாது. ஈக்விட்டி பக்கம் தவணைக்கு ஒரு வரி. எக்ஸ்ஐஆர்ஆர் சூத்திரம் போட்டால் ஆண்டு வருமானமும் தெரிந்துவிடும். இதுவரை எக்செல்லை யாரும் அசைக்க முடியாது.

20-ஆவது மாதம் பெண் கல்யாணத்துக்கென்று ஈக்விட்டி ஃபண்டிலிருந்து 3 லட்சம் எடுக்கிறார்கள் என்றால்தான் சிக்கல் ஆரம்பிக்கும். முதலில் வாங்கிய யூனிட்டே முதலில் விற்றதாக எடுத்துக்கொள்வது விதி. இதைத்தான் ஃபைஃபோ என்கிறார்கள். அப்போது முதல் ஏழெட்டுத் தவணை மட்டும் ஓராண்டைத் தாண்டியிருக்கும். அவற்றின் லாபம் நீண்ட காலக் கணக்கில் சேரும், ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். மிச்சத் தவணைகளின் லாபம் குறுகிய காலம், 20 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதங்கள். ஆக, ஒரே விற்பனையைப் பல வாங்கல்களோடு பொருத்தி, கடைசியாகப் பொருந்தும் தவணையைப் பாதியாகப் பிளக்கவும் வேண்டும்.

எக்செல்லில் இதற்கு நான் சொல்லும் வழி: ஒவ்வொரு வாங்கல் வரியிலும் 'மீதி யூனிட்' என்று ஒரு கட்டம் வையுங்கள். விற்பனையை ஒரே வரியாக எழுதாமல், எத்தனை வாங்கலைத் தொடுகிறதோ அத்தனை வரியாகப் பிரித்து எழுதுங்கள். நடக்கும். ஆனால் முழுக்க முழுக்கக் கைவேலை. யாராவது ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசை மாற்றிவிட்டால் தேதி ஒரு பக்கம், யூனிட் ஒரு பக்கம் போய்விடும். தவறு நடந்ததை எக்செல் சொல்லாது.

க்னூகேஷ் என்ற கட்டற்ற கணக்கு மென்பொருள் இந்த இடத்தில்தான் தன் மதிப்பைக் காட்டுகிறது. அது இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் போன பணம் இன்னொரு பக்கம் வந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் 'இம்பேலன்ஸ்' என்ற கணக்கில் போய் நின்று கண்ணை உறுத்தும். எஸ்டிபி தவணையை ஒரே பதிவில் எழுதலாம்: லிக்விட் ஃபண்டிலிருந்து 25,000 வெளியே, ஈக்விட்டி ஃபண்டுக்கு 24,998.75 உள்ளே, முத்திரைத் தீர்வைக்கு 1.25. லாபத்தைத் தனியாக எழுத வேண்டும். அந்தத் தவணையில் 400 ரூபாய் லாபம் என்றால், லிக்விட் ஃபண்ட் கணக்கில் யூனிட் பூஜ்யம், தொகை 400 என்று ஒரு வரி. எதிர்ப்பக்கம் மூலதன ஆதாயம் என்ற வருமானக் கணக்கு. புதிதாக வருபவர்கள் விழி பிதுங்குவது இந்தப் பூஜ்ய யூனிட் வரியில்தான். மீதமுள்ள யூனிட்டின் அடக்கம் சரியாக நிற்க அந்த வரி இருந்தே ஆக வேண்டும் என்று புரிந்துவிட்டால் மற்றது எளிது.

ஈக்விட்டி விற்பனைக்கு 'வியூ லாட்ஸ்' என்ற சாளரம் இருக்கிறது (ஒரே முறையில் வாங்கிய தொகுதிதான் லாட்). அதில் 'ஸ்க்ரப்' பொத்தானை அழுத்தினால் விற்ற யூனிட்டை வாங்கிய தவணைகளோடு ஃபைஃபோ முறையில் தானே பொருத்தி, தேவையான இடத்தில் பிளந்து, ஒவ்வொரு தவணைக்கும் லாபத்தைத் தனித்தனியாக எழுதிவிடும். இப்படி எழுதிய லாபம் 'ஆர்ஃபன்ட் கெயின்ஸ்' என்ற கணக்கில் வந்து விழும். அங்கிருந்து குறுகிய காலம், நீண்ட காலம் என்று நாம் பிரித்துக்கொள்ளலாம். எக்செல்லில் அரை நாள் வேலை இங்கே சில நிமிடத்தில் முடியும்.

ஒரு எச்சரிக்கை. ஃபண்டை க்னூகேஷில் முதலில் உருவாக்கும்போதே 'ஃபிராக்‌ஷன் டிரேடட்' என்ற இடத்தில் ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துவிடுங்கள். நம் ஃபண்டுகளின் யூனிட் மூன்று தசமம் வரை வரும். பதியும்போது யூனிட், விலை, தொகை மூன்றும் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் எதை மாற்றிக் கணக்கிடுவது என்று மென்பொருள் கேட்கும். விலையை மாற்றச் சொல்லுங்கள். யூனிட்டும் தொகையும் அறிக்கையில் உள்ளபடியே இருக்கட்டும்.

போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ் ஜெர்மனியில் பிறந்த கட்டற்ற மென்பொருள். எழுதுவதற்கு மூன்றிலும் இதுதான் இதமானது. வாங்கல் படிவத்திலேயே கட்டணத்துக்கும் வரிக்கும் தனிக் கட்டம் இருக்கிறது. பூஜ்ய யூனிட் வித்தையெல்லாம் வேண்டாம். லாபத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். 'டிரேட்ஸ்' பக்கத்தில் விற்பனையை வாங்கல்களோடு பொருத்தியும் காட்டும். ஆனால் ஒரு விற்பனை பல வாங்கல்களைத் தொட்டால் அவற்றை ஒரே வரியாகத் தொகுத்துவிடுகிறது. நம் வரிக் கணக்குக்கு வேண்டியது தவணைவாரிப் பிரிப்பு. அது கிடைக்காததால் மறுபடி எக்செல்லுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பிடிஎஃப் அறிக்கையை நேரடியாகப் படித்து ஏற்றும் வசதியும் பெரும்பாலும் ஐரோப்பிய வங்கிகளுக்கானது. நாம் சிஎஸ்வி கோப்பாக மாற்றித்தான் ஏற்ற முடியும்.

ஓசூர்ப் பங்கு

1984-இல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்த நிறுவனம். அந்தப் பற்றினாலேயே பழைய டைட்டன் பங்கை விற்காமல் வைத்திருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் உண்டு. கணக்கு எழுதுபவருக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது. 2011-இல் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கு 1 ரூபாய்ப் பங்காகப் பிரிந்தது. கூடவே ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது இலவசப் பங்கு. பழைய பங்கு ஒன்று இருபதானது.

அதற்கு முன் 10 பங்கை 12,000 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொண்டால், பிரிப்புக்குப் பின் 100 பங்கு, தலா 120 ரூபாய், வாங்கிய தேதி பழைய தேதியே. போனஸாக வந்த 100 பங்குக்கு அடக்கம் பூஜ்யம், தேதி போனஸ் கிடைத்த தேதி. இரண்டையும் ஒரே மாதிரி எழுதினால் தவறு. '200 பங்கு, சராசரி 60 ரூபாய்' என்று எழுதி வைப்பவர்கள்தான் அதிகம். மொத்தத்தையும் ஒரே நாளில் விற்றால் ஒழிய அந்தச் சராசரி உதவாது.

பிரிப்பை போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ் அருமையாகக் கையாள்கிறது. பழைய வாங்கல்களையே திருத்தி எழுதட்டுமா என்று கேட்கும். சரி என்றால் 10 பங்கு 100 ஆகி, தேதி அப்படியே நிற்கும். க்னூகேஷ் பிரிப்பைப் புது வரியாக எழுதுகிறது. மொத்தக் கையிருப்பு சரியாக இருக்கும், லாட் பொருத்தும்போது குழப்பும். இன்றைக்குப் புதிதாகக் கணக்கு தொடங்குபவர் பழைய வாங்கலையே '100 பங்கு, 120 ரூபாய்' என்று எழுதி, பிரிப்பைக் குறிப்பில் சொல்லிவிடுவது மேல். போனஸ் விஷயத்தில் நிலைமை தலைகீழ்: க்னூகேஷின் தொகையில்லாத புது வரியே சட்டத்துக்குப் பொருந்தி வருகிறது.

நிறுவனப் பிரிப்பில் க்னூகேஷ் இன்னும் சுத்தம். 2023 ஜூலையில் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது அடக்க விலையில் 4.68 சதவீதம் புதிய பங்குக்குப் போனது. 10,000 ரூபாய் அடக்கம் என்றால், ரிலையன்ஸ் கணக்கிலிருந்து பங்கு எண்ணிக்கை மாறாமல் 468 ரூபாயை எடுத்து ஜியோ கணக்கில் பங்குகளோடு வைத்தால் தீர்ந்தது. பணம் எங்கும் காணாமல் போகவில்லை என்பது ஒரே பதிவில் தெரிகிறது.

இந்த மென்பொருள்கள் எதுவுமே செய்யாத வேலை ஒன்றும் இருக்கிறது. 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்குகளுக்கு, அன்றைய உச்ச விலை, விற்ற விலை இரண்டில் குறைந்ததை எடுத்து, அதை உண்மையான அடக்கத்தோடு ஒப்பிட்டு, பெரியதை அடக்கமாகக் கொள்ளலாம் என்பது இந்திய வரிச் சட்டத்தின் சலுகை. பூஜ்ய அடக்கப் போனஸ் பங்குக்கும் இது பொருந்தும். டைட்டன் வைத்திருப்பவருக்கு இது பெரிய தொகை. இந்த மென்பொருள்கள் எதற்கும் இந்த விதி தெரியாது. விற்கும்போது எக்செல்லில் ஒரு பத்தி கூட்டித்தான் தீர வேண்டும்.

இன்னொன்று: டீமேட்டில் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) ஃபைஃபோ ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனி. கணவன் மனைவி பங்குகளை மட்டுமல்ல, ஒரே ஆளின் இரண்டு டீமேட்டையும் கலந்து எழுதக் கூடாது. க்னூகேஷில் தரகர் வாரியாகக் கிளைக் கணக்கு வைத்துவிட்டால் இது தானாகவே அமைந்துவிடும். பங்கு வாங்கும்போது கட்டும் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரியை அடக்கத்தில் சேர்க்க முடியாது, தரகுக் கட்டணத்தைச் சேர்க்கலாம். இரண்டையும் 'கட்டணம்' என்று ஒரே தொகையாக எழுதாதீர்கள்.

அறிக்கையே வருகிறதே?

பாலக்கோட்டில் இருக்கும் என் சித்தப்பா கேட்பார்: "ஏம்பா, மாசாமாசம் மெயில்லயே அறிக்கை வந்துடுது, நீ எதுக்குத் தனியா எழுதற?" நியாயமான கேள்வி. ஃபண்டுகளின் பதிவேட்டைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் தளங்களில் முதல் நாளிலிருந்து விரிவான சிஏஎஸ் (எல்லா ஃபண்டுகளுக்கும் சேர்த்து வரும் ஒருங்கிணைந்த) அறிக்கை கேட்டு வாங்கலாம். மூலதன ஆதாய அறிக்கையும் தனியாகக் கிடைக்கும். மியூச்சுவல் ஃபண்ட் மட்டும், அதிலும் ஓரிரண்டு எஸ்ஐபி மட்டும் வைத்திருப்பவருக்கு இதுவே போதும். வருடம் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மென்பொருள் எதுவும் வேண்டாம். சித்தப்பாவுக்கும் அதைத்தான் சொன்னேன்.

பங்கு வந்துவிட்டால் கதை வேறு. டீமேட் கணக்குகளை வைத்திருக்கும் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் அமைப்புகள் அனுப்பும் அறிக்கையில் பங்குகளுக்கு இன்றைய மதிப்பு இருக்கும், வாங்கிய விலை இருக்காது. தரகரின் லாப நட்ட அறிக்கையை, அவர் மூலம் வாங்கிய பங்குகளுக்கு மட்டும் நம்பலாம். வேறு டீமேட்டிலிருந்து மாற்றியது, காகிதச் சான்றிதழாக இருந்து டீமேட் ஆனது, அப்பா பெயரிலிருந்து வந்தது என்றால் வாங்கிய விலையை நீங்களே எழுதுங்கள் என்று கேட்கும். அப்போது எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஒரு பதிவு வேண்டும்.

கேமைமணி என்ற இன்னொரு கணக்கு மென்பொருள் பற்றி ஒரு வார்த்தை. வாங்கல், விற்பனை, டிவிடெண்ட், மறுமுதலீடு, பங்கு சேர்ப்பு, பிரிப்பு என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து எழுதும் அதன் படிவம் க்னூகேஷைவிடப் பழகச் சுலபம். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் பார்க்கலாம். லாட் வாரியாகப் பிரித்து எழுதும் வசதிக்காக நான் க்னூகேஷ் பக்கமே நிற்கிறேன்.

விலை நிலவரம் யாரிடமிருந்து வருகிறது என்பதற்கு நான் அதிக மதிப்பெண் தருவதில்லை. மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் எல்லாத் திட்டங்களின் என்ஏவியும் தினமும் ஒரே எழுத்துக் கோப்பாகக் கிடைக்கிறது. கூகுள் ஷீட்ஸில் பங்கு விலை தானாக வரும். வாரம் ஒருமுறை கையால் எழுதினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆகவே என் தேர்வு: எஸ்ஐபி மட்டும் என்றால் சிஏஎஸ் அறிக்கை. எஸ்டிபியும் சில ஃபண்டுகளும் என்றால், விற்பனை அபூர்வமாக இருக்கும்வரை எக்செல். பழைய பங்கு, இரண்டு மூன்று டீமேட், குடும்பத்தில் பலர் பெயர் என்று சேர்ந்துவிட்டால் க்னூகேஷ், வரி நேரத்துக்கு மட்டும் பக்கத்தில் ஒரு எக்செல் தாள். போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸை, என் முடிவுகள் சந்தையைவிட நன்றாக இருந்தனவா என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்குச் சொல்வேன். அந்தக் கேள்விக்கு அது தரும் பதில் மற்ற இரண்டிலும் கிடைக்காது.

எதில் தொடங்கினாலும், முழுதாக விற்று முடித்த ஃபோலியோக்களை (ஃபண்ட் நிறுவனத்தில் உள்ள உங்கள் கணக்குகளை) விட்டுவிடலாம். யூனிட் மீதி இருக்கும் ஃபோலியோவை மட்டும் முதல் தவணையிலிருந்து ஏற்றுங்கள். 'இன்றைய இருப்பு இவ்வளவு' என்று நடுவில் தொடங்கினால், ஃபைஃபோ தேடும் முதல் தேதி அதில் இருக்காது.